ஹெலிகேம் விட்டு அபராதம் கட்டுவது எப்படி?

கல்யாண வீடுகளில் ட்ரோன் ஓட்டுகிறவர்கள் பலர், "சட்டத்தைப் படித்தாலே தலை சுற்றுகிறது" என்கிறார்கள். மத்திய அரசு 2021 ஆகஸ்டில் கொண்டுவந்த ட்ரோன் விதிகளில் 25 படிவங்கள் 5 ஆகக் குறைந்துவிட்டன. இவ்வளவு சுலபமாக்கிய பிறகும் மாட்டியே தீருவேன் என்பவர்களுக்கு ஐந்து வழிகள்.

1. எடையைக் கடைக்காரரிடம் கேளுங்கள்
"249 கிராம்தாண்ணே, லைசென்ஸே வேண்டாம்" என்பார். உண்மைதான், 250 கிராம் வரை நானோ வகை, பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதில் ஐந்து பவுன் தாலிக்கொடியைக் கட்டி மணமேடையில் இறக்குங்கள். பவுனுக்கு 8 கிராம், ஆக மொத்தம் 289. சுமையும் சேர்ந்ததுதான் எடை என்பதால், கெட்டிமேளம் கொட்டுமுன்பே நானோ மைக்ரோவாகிவிடும்.

2. 'இலவசம்' என்று போடுங்கள்
2 கிலோ வரையுள்ள மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம். தொழிலுக்கு ஓட்டினால் வேண்டும். எனவே கொட்டேஷனில் "வீடியோ, ஆல்பம் 80,000 ரூபாய், ஹெலிகேம் இலவசம்" என்று அச்சடியுங்கள். அந்த எண்பதாயிரமும் பொழுதுபோக்காக வந்ததுதான் என்று அதிகாரிக்கு விளக்குங்கள்.

3. மச்சானிடம் சொல்லி வரவழையுங்கள்
2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குப் பொதுவாகத் தடை. சிங்கப்பூர் மச்சானின் பெட்டியில் துணிமணிக்கு நடுவே வரும் பெரிய ட்ரோனுக்கு அந்த மாடலுக்கான வகைச் சான்றிதழ் இருக்காது. அது இல்லாமல் பதிவு எண் கிடைக்காது. நம்பர் பிளேட் இல்லாத பைக்கை டிராஃபிக் போலீஸ் மட்டும்தான் பார்ப்பார். இதையோ ஊரே அண்ணாந்து பார்க்கும்.

4. வரைபடத்தைத் திறக்காதீர்கள்
அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாக இருக்கும் மண்டலத்தில் 400 அடி வரை பறக்க அனுமதியே வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமும், சிவப்பில் மத்திய அரசிடமும் அனுமதி பெற வேண்டும். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பல்லாவரத்து மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பை உயரே இருந்து எடுத்தால் ஃபிரேமில் விமானமும் விழும். பின்னாலேயே போலீஸும் வரும்.

5. அமைச்சர் வந்தால் உற்சாகமாகுங்கள்
அவர் காரிலிருந்து இறங்குவதை மேலிருந்து எடுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அவர் வருகிறார் என்றால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை அதற்குள் அடங்கிவிடும்.

இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உறுதி.

அது வேண்டாம் என்பவர்களுக்கு: பதிவுக் கட்டணம் 100 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேறி, 18 முதல் 65 வயதுக்குள் இருப்பவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தேர்ச்சி பெற்றால், பைலட் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். வரைபடம் பார்க்கக் காசே இல்லை. அட்வான்ஸ் வாங்குமுன் மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் பெண் வீட்டாரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முகூர்த்தத்தன்று சொல்வதைவிட அது மலிவு.