லண்டன் மாநகரத் தோற்றமும் எம்.ஏ. நுழைவுத்தேர்வும்: ஓர் ஆய்வு

லண்டன் மாநகரம் எதன்பொருட்டு உண்டானது என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. தேம்ஸ் ஆற்றைக் கடக்கத் தோதான இடம் பார்த்து ரோமானியர் குடியேறினர் என்பர் வரலாற்றாசிரியர். துறைமுகமும் வணிகமும் வளர்த்த ஊர் என்பர் பொருளியலார். இரண்டும் மேம்போக்கான கொள்கைகள். எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர நுழைவுத்தேர்வுக்குத் தயாராகும் ஒருவரின் கைடைப் பத்துப் பக்கம் புரட்டினால் உண்மை தானே துலங்கும். நான்கு விடை கொடுத்துச் சரியானதைக் கேட்கும் வினாக்களுக்காகவே அந்நகரம் கட்டப்பட்டது; அதில் மக்கள் குடியிருப்பது பிற்கால இடைச்செருகல். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

சான்று என்னையெனின், முதலில் அந்நகரத்தின் ஆண்டுகளைப் பார்க்க. கொள்ளைநோய் 1665-இல் வந்தது, பெருந்தீ 1666-இல் பிடித்தது. பத்தாண்டு தள்ளி நடந்திருந்தால் யாரும் குழம்பமாட்டார்கள். காலவரிசைப்படுத்தச் சொல்லும் வினாவே செத்துப்போயிருக்கும். கவிஞர் டிரைடனும் தம் பங்குக்கு, 1666-ஐப் பற்றி ஒரு நெடும்பாட்டு எழுதி 1667-இல் வெளியிட்டு, தவறான விடைக்கு இன்னோர் ஆண்டு உதவினார். தீ தொடங்கியது புட்டிங் லேனில் ஒரு ரொட்டிச் சூளையில். அதற்கு எழுப்பிய நினைவுத்தூணின் உயரம் 202 அடி. சூளைக்கும் தூணுக்கும் இடையே உள்ள தூரமும் 202 அடி. கட்டடத்தின் உறுதிக்கு இந்தப் பொருத்தம் எதற்கும் உதவாது, மனப்பாடத்துக்குப் பேருதவி. குளோப் அரங்கு எழுந்ததும் கவிஞர் ஸ்பென்சர் இறந்ததும் 1599 என்ற ஒரே ஆண்டில். இதைவிடச் சிக்கனமாக ஒரு நகரம் நடந்துகொள்ள முடியுமா? அதே அரங்கு 1613-இல், ஷேக்ஸ்பியரின் எட்டாம் ஹென்றி நாடகத்தின்போது சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து எரிந்தது. ஒருவர் காற்சட்டையில் தீப்பற்ற, கைவசமிருந்த பீரை ஊற்றி அணைத்தார்கள் என்று அக்காலக் கடிதம் ஒன்று கூறுகிறது. கைடில் 1613 மட்டும் இருக்கிறது. பீருக்கு மதிப்பெண் கிடையாது. பென் ஜான்சனை 1637-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நின்ற கோலத்தில் புதைத்தார்கள். இடநெருக்கடி, பணமுடை என்றெல்லாம் அதற்குக் காரணம் சொல்வதுண்டு. கிடந்த கோலத்தில் புதைக்கப்பட்ட கவிஞரைப் பற்றி வினா எழுப்ப முடியாது என்பதை ஏனோ எவரும் கருதிப் பார்க்கவில்லை.

இனி வலுவான சான்று. பாடம் முந்தியதா, தேர்வு முந்தியதா? பாடம்தான் என்று உலகம் நம்புகிறது. இந்தியாவை ஆள ஆளெடுக்கும் போட்டித்தேர்வுக்கு மெக்காலே குழு 1854-இல் திட்டம் வகுத்தபோது, மொத்த மதிப்பெண் 6,875-இல் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் சேர்த்து 1,500 ஒதுக்கச் சொன்னது. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750, சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. (தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை, ஆளப்படுவோர் மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள் போலும்.) முதல் தேர்வு 1855-இல் லண்டனில் நடந்தது. ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் பட்டப்படிப்பு வந்ததோ 1894-இல், கேம்பிரிட்ஜில் 1917-இல். அதாவது, அந்தப் பெரும் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தத் தொடங்குமுன்பே தேர்வு நடந்தது, அதற்குப் பயிற்சிக்கூடங்களும் நடந்தன. ரென் என்பவர் லண்டனில் நடத்திய கூடம் பேர்பெற்றது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1828-இலேயே ஆங்கிலப் பேராசிரியர் இருந்தாரே என்பர் சிலர். இருந்தார், லண்டனில்தானே இருந்தார்? சத்யேந்திரநாத் தாகூர் 1863-இல் தேறிய காலத்தில் இத்தேர்வை எழுதக் கப்பலேற வேண்டும். 1922 முதல் தேர்வு இந்தியாவிலும் நடந்தது. தேர்வு வந்தால் அதற்குரிய ஊரும் வந்தாக வேண்டுமல்லவா? வந்தது, கைடு வடிவில்.

அற்றேல், லண்டன்வாசிகளுக்கு இந்த ஆண்டுகளெல்லாம் ஏன் தெரியவில்லை என்று தடை எழுப்பலாம். அவர்களுக்குத் தேர்வு இல்லை, ஆகவே தெரியவில்லை. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் எம்.ஏ. ஆங்கிலத்துக்குப் பொது நுழைவுத்தேர்வு வைப்பதில்லை. முதல் பட்டத்தின் தரம், பரிந்துரைக் கடிதம், எழுதிய கட்டுரை ஒன்று என்று பார்ப்பதே வழக்கம். நம்மூரிலிருந்து போகிறவருக்கு ஐ.இ.எல்.டி.எஸ். உண்டு என்றாலும் அது காதையும் வாயையும் கண்ணையும் கையையும்தான் சோதிக்கிறது, டிரைடனை விசாரிப்பதில்லை. ஆகவே லண்டனின் ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு இருப்பவரைவிட, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சி.யூ.இ.டி. பி.ஜி. என்னும் நுழைவுத்தேர்வு எழுதப்போகிறவர் லண்டனுக்கு நெருக்கமானவர் என்பது பெறப்படும்.

நூல்களையே படித்துவிட்டால் ஆண்டும் இடமும் தாமே பதியாவோ என்பது அடுத்த தடை. இதை எழுப்புவோர் நல்லவர்கள், தேர்வு எழுதாதவர்கள். வர்ஜீனியா வுல்பின் மிசஸ் டாலோவேயைப் படிப்பவர், ஜூன் மாதக் காலை ஒன்றில் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பூ வாங்கப் போகும் அந்தப் பெண்மணியின் பின்னாலேயே பாண்ட் ஸ்ட்ரீட் வரை நடக்கிறார். பிக்பென் அடிக்கும்போதெல்லாம் தாமும் நின்றுவிடுகிறார். கைடு படித்தவர் 1925, ஹோகார்த் அச்சகம் என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார். சி.யூ.இ.டி. பி.ஜி. தேர்வில் 75 வினா. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் ஒன்று குறையும். கதை நடப்பது 1923-இல், நூல் வந்தது 1925-இல். படித்தவருக்கு இரண்டும் தெரியும் என்பதால் தயங்குவார். படிக்காதவருக்குத் தயங்க வழியே இல்லை. நூலைப் படித்ததற்காக ஒரு மதிப்பெண்ணை இழக்கக்கூடிய ஏற்பாடு வேறெந்தத் துறையிலும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சியது ஒரு தடை: நகரத்துக்கே இந்த நோக்கம் தெரியுமா? தெரியும். புகழ்பெற்றோர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் வட்டப் பலகை பதிக்கும் திட்டத்தை லண்டன் 1866-இல் தொடங்கியது, அதாவது 1855-இல் அந்தப் போட்டித்தேர்வு தொடங்கிப் பதினோரே ஆண்டில். பெயர், பிறப்பு இறப்பு ஆண்டு, கவிஞர் அல்லது நாவலாசிரியர் என ஒரு சொல், இங்கு வாழ்ந்தார் என முடிப்பு. கைடின் ஒரு பத்தியைப் பெயர்த்துச் சுவரில் அறைந்ததுபோல் இல்லையா? முதல் பலகை 1867-இல் ஹோல்ஸ் ஸ்ட்ரீட்டில் பைரன் பிறந்த வீட்டுக்குக் கிடைத்தது. 1889-இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். முதல் பலகை யாருக்கு என்று கேட்க வீடு தேவைப்படாது என்பதை மாநகரம் அதற்குள் கண்டுகொண்டிருந்தது.