மடை மாற்றத் தெரிந்த மகராசர்களுக்கு

அமெரிக்காவின் பெருவங்கிகளே, கம்பம் பக்கத்து லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு கிழவன் உங்களை வாழ்த்துகிறேன். உங்கள் நாட்டுக்குப் படிக்கப் போன காலத்திலிருந்து உங்களில் ஒருவரிடம் வைத்திருந்த கணக்கை என் மகன் முடித்துவிட்டான். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். இத்தனை காலம் பழகிய இடத்தை விட்டுப் போகிறவன் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

உங்கள் இளகிய மனசை முதலில் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவில், பார்க்லண்ட் பள்ளிக்கூடத்தில் 17 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்கு வயது 19. ரைபிளைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். ஐந்தே வாரம், அடுத்த மாதமே சிட்டி வங்கி பொங்கி எழுந்தது. தன்னிடம் வரவு செலவு வைத்திருக்கும் துப்பாக்கிக் கடைகள் 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், பின்னணிச் சோதனையில் தேறாத யாருக்கும் விற்கவே கூடாது என்று சொன்னது. இது சின்ன விஷயமில்லை. அந்த நாட்டுச் சட்டப்படி, மூன்று வேலை நாளுக்குள் சோதனை முடிவு வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது அந்த ஓட்டை வழியாகத்தான். அரசாங்கம் அடைக்காததை ஒரு வங்கி அடைக்க வந்தது. எவ்வளவு பெரிய மனசு!

நாங்கள் பட்டிக்காட்டு ஜனங்கள். இந்திய ஆயுதச் சட்டமே 21 வயதாகாதவர் துப்பாக்கி வாங்கக் கூடாது என்று எங்களைப் பழக்கிவிட்டது. தோட்டக் காவலுக்கு உரிமத்தோடு ஒற்றைக்குழல் வைத்திருக்கும் விவசாயிகூடத் தேர்தல் அறிவித்ததும் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். 2023-இல் கம்பமே ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பேசியது. அது ஊருக்குள் புகுந்த அரிக்கொம்பன் யானைக்கு மயக்க ஊசி போட்ட துப்பாக்கி.

அடுத்து பாங்க் ஆஃப் அமெரிக்காவின் தர்ம சிந்தனை. ராணுவத் துப்பாக்கி மாதிரியானவற்றைப் பொதுமக்களுக்குச் செய்து விற்கிற நிறுவனங்களுக்கு இனிக் கடன் இல்லை என்று 2018 ஏப்ரலில் அறிவித்தது. மே மாதம், திவாலாகி எழுந்த ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்துக்குக் கொடுத்த கடனில் அதன் பங்கு 4 கோடி டாலருக்கு மேல். நொடித்துப் போனவனுக்குக் கைகொடுப்பது புண்ணியம் அல்லவா? அந்த ரெமிங்டனின் புஷ்மாஸ்டர் ரைபிள்தான் 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளிக்குள் போனது. ஆறு, ஏழு வயசுக் குழந்தைகள் 20 பேர். அவர்களோடு பெரியவர்கள் 6 பேர்.

உங்கள் பொறுமைக்கும் குறைவில்லை. 2018 ஆகஸ்டில் லூசியானா மாநிலம் 60 கோடி டாலர் சாலைக் கடன்பத்திர வேலையில் உங்களில் இந்த இருவரையும் சேர்க்காமல் ஒதுக்கியது. துப்பாக்கித் தொழிலை ஒதுக்கும் வங்கிகளோடு அரசு ஒப்பந்தம் கிடையாது என்று டெக்சாஸ் 2021-இல் சட்டமே போட்டது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு சிட்டி ஏழு வருஷம் அந்தக் கொள்கையைக் காப்பாற்றியது. வாஷிங்டனில் ஆட்சி மாறி, வங்கிகள் சிலரை ஒதுக்குகின்றன என்று மேலிடத்தில் கோபம் கிளம்பிய பிறகு, 2025 ஜூனில் அதை எடுத்துவிட்டது. எல்லாருக்கும் நியாயமாகச் சேவை கிடைக்க வேண்டும் என்ற கவலையாம். கடைக்காரரும் வாடிக்கையாளர்தானே, அவர் மனசு நோகலாமா? குழந்தைகள் சாவது நிற்கட்டும் என்று காத்திருந்தால் நல்ல நேரம் தப்பியிருக்கும்.

என் பேத்தி அங்கே இரண்டாம் வகுப்பு. போனில் ஒருநாள் சொன்னாள்: "தாத்தா, இன்னிக்கு லாக்டவுன் டிரில். லைட்ட அணைச்சிட்டு எல்லாரும் சுவரோரமா உக்காந்தோம். என் ஷூ நடந்தா மினுமினுன்னு எரியும்ல, அதனால மிஸ் என் கால ஸ்வெட்டரால மூடிட்டாங்க." துப்பாக்கியோடு பள்ளிக்குள் வருகிறவன் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் பயிற்சி அது. ஏன் மூடினார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லும்போது குரலில் பயமே இல்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கை முடிப்பேன் என்று மகன் முரண்டு பிடித்ததற்கு எங்கள் ஊர்தான் காரணம், மன்னித்துவிடுங்கள். பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாயில் இறங்கி, இங்குள்ள பவர் ஹவுஸைச் சுற்றவைத்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்குப் போகிறது. எந்த மடையைத் திறந்தார்கள், யார் வயலில் பாய்ந்தது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை. தான் போட்ட பணத்தைப் பற்றியும் அதையே கேட்டுவிட்டான். உங்கள் மடை எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரிந்த பிறகு, தன் சம்பளத்தை ஒரு சின்னக் கடன் சங்கத்துக்கு மாற்றிக்கொண்டான்.

கடைசியாக உங்கள் கவனத்தைப் புகழாமல் முடித்தால் நன்றி கெட்டவனாவேன். கணக்கை முடிக்கப் போனவனிடம் அடையாள அட்டை கேட்டீர்கள், கையெழுத்தை ஒத்துப் பார்த்தீர்கள், போனுக்கு ரகசிய எண் அனுப்பி அதையும் சொல்லச் சொன்னீர்கள். எல்லாம் சரியென்று உறுதியாகும்வரை அவன் சொந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூட அவனிடம் கொடுக்கவில்லை. துப்பாக்கிக் கடைக்காரர்களிடம் 2018-இல் கேட்டதும் இவ்வளவுதான்.