வில் போல் வளைந்த கால்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. நடக்கும்போது இரண்டு காலும் வில் மாதிரி வளைந்திருக்கின்றன. இடுப்பில் தூக்கி வைத்ததால்தான் இப்படி என்கிறார் மாமியார். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் நேராகுமா?
- வாசகி, தேனி

பதில்: உங்கள் இடுப்பு குற்றவாளி அல்ல, தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள். கருவறையில் கால் மடக்கிக் கிடந்த பிள்ளைக்கு இந்த வளைவு இயல்பு. 2 வயதுவாக்கில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். அதோடு விடாது, 3, 4 வயதில் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். அப்போது மாமியார் புதுக் காரணம் தேட வேண்டியிருக்கும்! அதுவும் 7 வயதுவாக்கில் தானாகச் சீராகும். எண்ணெய்க் குளியல் பிள்ளைக்குச் சுகம், எலும்பை நிமிர்த்தாது. காலை இழுத்து அமுக்கி நீவுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளையைப் படுக்க வைத்து, கணுக்கால்களைச் சேர்த்துப் பிடித்து, முட்டிகளுக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். போகப்போக இடைவெளி கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, மணிக்கட்டு புடைத்திருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளைவுக்குக் காரணம் சத்துக்குறைவால் வரும் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் என்றால் வைட்டமின் டி, கால்சியம் கொடுத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அளவை மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.