நூல் நம்பரும் ஜெட் நம்பரும்: திருப்பூர்க் கார்பரேட்டரியல், ஒரு முன்னாய்வு

திருப்பூரைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாம் பனியனையே சுற்றி வருகின்றன. அந்நியச் செலாவணி, சாயக்கழிவு, நொய்யல், வடமாநிலத் தொழிலாளர் என்று தலைப்புகளும் தீர்ந்துவிட்டன, முனைவர்களும் நிறைந்துவிட்டார்கள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி சம்பளம் போட்டு முடித்து, ஞாயிறு காலையில் காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டில், கிளுவை வேலியோரம் ஒரு ஆர்எக்ஸ் 100-ஐ நிறுத்தி, அதன் கார்பரேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தியபடி வெயிலைப் பார்த்து நிற்கும் மனிதரை எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவரைக் கண்டுகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது கருதுகோள் இது: கார்பரேட்டர் டியூனிங் என்பது இயந்திரவியலின் கிளை அன்று, பின்னலாடையியலின் கிளை. மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் சான்றுகளைப் பார்வையிடட்டும்.

வரலாற்றிலிருந்து தொடங்குவது ஆய்வு மரபு, ஆகவே சுருக்கமாக. குறுகலான வழியில் விரைந்தோடும் பாய்பொருளின் அழுத்தம் குறையும் என்று இத்தாலியரான வெஞ்சூரி 1797-ல் எழுதிவைத்தார். அந்தக் குறைந்த அழுத்தத்தால் பெட்ரோலை உறிஞ்சித் தூவும் கருவியை 1893 வாக்கில் ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும், ஜெர்மனியில் மேபாக்கும் தனித்தனியே உருவாக்கினார்கள். பிறகு இங்கிலாந்தின் அமால், அமாலிடம் உரிமம் வாங்கிய ஜப்பானின் மிக்குனி, மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்த நம் சென்னைப் பக்கத்து யூகால் என வித்தை கைமாறி வந்தது. இதில் நூல் எங்கே வந்தது என்பார்கள். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவரதன்தான் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்து ஓடுதளம் இன்றும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைச் சுமக்கிறது. நூற்பாலைக் குடும்பம் ரேஸ் காரில் போய் நின்றது தற்செயல் என்று நம்புகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

ஆய்வுப்பொருள்: பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர் ஒருவரின் ஆர்எக்ஸ் 100. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். பட்டன் டயர் மாட்டி, முன் மட்கார்டை உயர்த்தி, மண்ணுக்கென்று மாற்றப்பட்டது. கம்பெனி கொடுத்த 20 மில்லிமீட்டர் மிக்குனியைக் கழற்றிவிட்டு, 28 மில்லிமீட்டர் ஃப்ளாட் ஸ்லைடு கார்பரேட்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து மாட்டியிருந்தார். மாதிரி அளவு ஒன்றே ஒன்றுதானா என்று கேட்கக் கூடாது. ஒரு சாம்பிளைக் காட்டி லட்சம் பீஸுக்கு விலை பேசும் ஊர் இது.

முதற்சிக்கல் எண்ணில் தொடங்கியது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை அடங்கும் என்பதே நூல் நம்பர். அதனால் முப்பதாம் நம்பரைவிட நாற்பதாம் நம்பர் மெல்லிசு. எண் ஏற ஏற நூல் இளைக்கும். பிறந்தது முதல் இந்தக் கணக்கிலேயே வளர்ந்தவர் நம் மெர்ச்சன்டைசர். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளைத்திருகான ஜெட்டின் கணக்கோ நேர் எதிர். 120 என்றால் 110-ஐவிடப் பெரிய துளை, கூடுதல் பெட்ரோல். "கொஞ்சம் மெலிசா ஊத்தட்டும்" என்று அவர் எண்ணை ஏற்றிக்கொண்டே போனார். வண்டி நீலப்புகை கக்கியது. இன்னும் ஏற்றினார். மூன்றாம் ஜெட்டில் வண்டி நின்றது. இதுவாவது பரவாயில்லை. கெய்ஹின் ஜெட்டில் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில்; மிக்குனியின் அறுகோண ஜெட்டிலோ எண் என்பது பெட்ரோல் பாயும் அளவு. ஆகவே இவனுடைய 110-ம் அவனுடைய 110-ம் ஒன்றல்ல. நூலுக்கு நம்பர், துணிக்கு ஜிஎஸ்எம், மிஷினுக்கு கேஜ் என்று மூன்று அளவுகோலைத் தூக்கத்திலும் மாற்றிப் பேசும் ஊர், இந்த இரண்டில் இடறி விழுந்ததை ஆய்வாளர் வியப்போடு பதிவுசெய்கிறார்.

இரண்டாம் சிக்கல் லேபிள். காதர்பேட்டையில் தொங்கும் டி-ஷர்ட்டைக் கையால் தொடாமலே, கழுத்துத் தையலைப் பார்த்து, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸா உள்ளூர்ச் சரக்கா என்று சொல்லிவிடக்கூடியவர் நம்மவர். லேபிள் என்பது கடைசி டேபிளில் ஒரு அக்கா பத்து வினாடியில் தைத்துவிடும் சங்கதி என்று அவரைவிட அறிந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர், வார்ப்பு அலுமினியத்தில் ஜப்பானியப் பெயர் புடைத்து நிற்பதைக் கண்டதும் கண் கலங்கி, "ஒரிஜினலுங்க" என்றார். ஒரிஜினலுக்குரிய விலையில் நாலில் ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை என்பது அவர் நம்பிக்கையை அசைக்கவில்லை. உலகமே அவர் ஊர் லேபிளை நம்பும்போது, அவரும் யாருடைய லேபிளையாவது நம்ப வேண்டும் அல்லவா?

இனி இவ்வாய்வின் மையம்: சைஸ். 28-ஐ 20-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.96. அதாவது வாயின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அதே இன்ஜின் அதே அளவு காற்றை இழுக்கும்போது காற்றின் வேகம் பாதியாகும். பெட்ரோலை உறிஞ்சும் இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே கால்பங்காகும். திராட்டலை வெடுக்கென்று திறக்கிற கணத்தில் காற்று தாராளமாக வருகிறது, பெட்ரோல் வரவில்லை. வண்டி ஒரு முறை விக்கி, யோசித்து, பிறகுதான் கிளம்புகிறது. நேரான தார்ச் சாலையில், உச்ச சுழற்சியில் ஓட்டுபவருக்கு இந்தப் பெரிய வாய் லாபம்தான். ஆனால் கல்லிலும் மணலிலும் ஓட்டுகிறவன் வாழ்வதே பாதிக்கும் கீழான திராட்டலில். அங்கே வேலை செய்வது ஸ்லோ ஜெட்டும், ஸ்லைடின் வெட்டும், நீடிலும். மெயின் ஜெட் முக்கால் முறுக்கலுக்கு மேல்தான் ஆட்சிக்கு வருகிறது. 98 சிசிக் குழந்தைக்கு டபுள் எக்ஸ்எல் பனியன் மாட்டினால் ஓடும்போது காலில் தடுக்கும்.

இதை இவ்வளவு நீட்டாமல் மெக்கானிக் தம்பி ஒரே வரியில் முடித்தார்: "ஏனுங்ணா, கொரங்காட்டுல ஃபுல் திராட்டல்லயா போகப்போறீங்? மெதுவா முறுக்கையில வண்டி எந்திரிக்கோணுமில்லீங்?"

"ரேஸ் வண்டிக்கெல்லாம் இதுதானப்பா போடறாங்க."

"அவீங்களுக்கு ரேஸ் இருக்குதுங்ணா."

இவ்விடத்தில் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கருதுகோளை நிலைநாட்டிய பெருஞ்சோதனை இதன் பிறகுதான் நடந்தது. முழு முறுக்கலில் சிறிது தூரம் ஓட்டி, சட்டென இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது வழக்கம். கரி பூசியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், பிஸ்டன் ஜாம் ஆகும் நாள் தூரமில்லை. பிஸ்கட் பழுப்பாக இருந்தால் சரி. உலகெங்கும் மெக்கானிக்குகள் இதை வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நம் மெர்ச்சன்டைசருக்கு அது பொறுக்கவில்லை. லேப் டிப் என்னும் சாய மாதிரியில் அரை ஷேடு மாறியதற்காக ஒரு வாரம் மின்னஞ்சலில் மன்றாடுகிறவர் அவர். பிளக்கை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, திங்கட்கிழமை கம்பெனிக்கு எடுத்துப்போய், துணி பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார். டி65 பகல் விளக்கில் பிஸ்கட்; டிஎல்84 கடை விளக்கில் சற்றே பச்சை. ஷேடு பேண்டுக்குள் வருகிறதா என்று குவாலிட்டி கண்ட்ரோலரிடம் கருத்துக் கேட்டார். அவர் கண்ணைச் சுருக்கி, "கமர்ஷியலி அக்செப்டபிள்" என்றார். கார்பரேட்டர் வரலாற்றில் ஒரு பிளக்குக்கு இப்படியொரு அப்ரூவல் கிடைத்ததற்கு வேறு சான்று நமக்குக் கிட்டவில்லை.

ஆடையைப் பொறுத்தவரை எல்லாமே ஆர்டர் கொடுக்கும் பையர் சொன்னதுதான். கலர் அவருடையது, அளவு அவருடையது, பட்டன் எத்தனை அங்குலத்தில் என்பதும் அவருடையது. எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று என்பதை மட்டும் நம்மவரே முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் திருப்புளியோடு குனிந்திருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளரின் சொந்தக் கருத்து.

அதிலும் இப்போது அரசாங்கம் தலையிட்டுவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு இக்கணக்கு சுமார் 13.5-க்கு இறங்குகிறது. பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் இதை ஊற்றினால் கலவை எட்டு சதவீதம் வறண்டுபோகும். ஜிஎஸ்எம்மில் ஐந்து சதவீதத்துக்கு மேல் பிசகினாலே சரக்கு திரும்பி வரும் ஊரில் இந்த எட்டை எப்படிப் பொறுப்பது?

வேறொரு பகைவனையும் குறிப்பிட வேண்டும், அவன் உள்ளூர்க்காரன். நிட்டிங் செட்டில் நிறுத்திய வண்டியின் ஏர் ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு மெத்தை. காற்று அடைபட்டு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். பழி கார்பரேட்டர்மேல் விழும். சரி, கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்றால், துடைக்க எடுப்பது எதை? பனியன் வேஸ்ட். ஒரு பஞ்சு இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் கீழே. தனி இழை நழுவிப் போய்விடும். நாலு இழை கூடி முடிச்சுப் போட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்கும் துணியை அனுப்பிவைக்கும் ஊரே, அங்கே அடைத்துக்கொள்ளும் ஜெட்டுகளுக்கும் மூலகாரணம் என்பது தனி நூலாக விரிக்கத்தக்க பொருள்.

சட்டம் பற்றி ஒரு வரி: பதிவுபெற்ற வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் லைட் பாக்ஸ் அப்ரூவல் செல்லாது.

இடைக்காலப் பரிந்துரைகள் வருமாறு. பழைய 20 மில்லிமீட்டரையே சுத்தம் செய்து, காற்றடித்து, துணி படாமல் மாட்டுக. எத்தனாலுக்காக மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றுக. ஏற்றுவது என்றால் பெரிய எண். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி எண்ணெயிடுக. மேலாய்வு கிறிஸ்துமஸ் ஆர்டர் ஷிப்மென்ட் போகும்வரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அந்த 28 மில்லிமீட்டரை அவிநாசியில் பனியன் யூனிட் நடத்தும் மெர்ச்சன்டைசரின் மச்சான் தன் ஆர்எக்ஸ் 135-க்கு என்று வாங்கிக்கொண்டார். ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் நாலிலும் மெயின் ஜெட் வேண்டுமாம்; 1:2:2:1 ரேஷியோவில் பேக் பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறார்.