எங்க ஊர் பிரிண்ட்

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தில் முதல் பத்து நிமிடம் யாரும் வாயே திறப்பதில்லை. காற்று ஊளையிடும். ஒரு நாய் குறுக்கே ஓடும். மூன்று பேர் மெல்ல நடந்து வந்து ஒரு கதவுக்குள் பாய்வார்கள். அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதற்காக எங்கள் ஊர் டெய்லர் கடையில் கூடும் ஐந்து பேர், சேர்ந்தாற்போல் பத்து விநாடி வாயை மூடியிருந்ததாகச் சரித்திரம் இல்லை.

கௌபாய் பட ரசிகனின் சாபக்கேடு இது. கிளின்ட் ஈஸ்ட்வுட் சுருட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே படத்தில், கொள்ளைக்காரன் டூக்கோ தொட்டியில் நுரை பொங்கக் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் துப்பாக்கியோடு வந்து, உன்னை எத்தனை மாதமாகத் தேடினேன் தெரியுமா என்று நீட்டி முழக்குவான். நுரைக்கு அடியிலிருந்தே அவனைச் சுட்டுத் தள்ளிவிட்டு, சுட வந்தால் சுட வேண்டும், பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று டூக்கோ பிணத்துக்குப் புத்தி சொல்வான். எங்கள் சபைக்குப் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று. ஒருமுறை அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம்.

சபையோரை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

கடைக்காரரான டெய்லர் அண்ணன் எந்தப் படத்தையும் துணியை வைத்துத்தான் எடை போடுவார். ஈஸ்ட்வுட் போர்த்தியிருக்கும் பொன்சோ மேல் அவருக்குத் தீராத மனத்தாங்கல். "இதைத் தைக்கவே இல்லையே தம்பி. கம்பளியில தலை நுழைய ஓட்டை. எல்லாரும் இப்படிக் கிளம்பிட்டா நான் எங்க போறது?" அந்தப் பொன்சோ படங்களுக்கான கறுப்பு ஜீன்ஸை ஈஸ்ட்வுட் தானே கடைக்குப் போய் வாங்கினார் என்று ஒருநாள் சொன்னேன். "ரெடிமேடா!" என்று முகம் சுளித்தார். டெய்லரிடம் கொடுத்திருந்தால் படம் தீபாவளி கழித்துத்தான் தொடங்கியிருக்கும் என்பதை, என்னுடைய இரண்டு சட்டைகள் அவரிடம் இருந்த காரணத்தால், சொல்லவில்லை.

எஸ்.எம். சார், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்கு உலகத்தின் தலைசிறந்த காட்சி, 1968இல் செர்ஜியோ லியோனி எடுத்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தின் தொடக்கம். ஒரு பாழும் ஸ்டேஷனில் மூன்று அடியாட்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவன் தொப்பியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அதைச் சேர்த்துவைத்துக் குடிக்கிறான். இன்னொருவன் முகத்தில் ஒரு ஈ. அதைத் துப்பாக்கிக் குழலுக்குள் பிடித்து அடைத்து, அதன் ரீங்காரத்தைக் கேட்டு ரசிக்கிறான். மூன்றாமவன் விரலைச் சொடுக்குகிறான். வேறொன்றும் நடக்காது. "ரயிலுக்குக் காத்திருக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே டைரக்டர் அவர்தான்யா" என்பார் சார். ஆனால் அதே காட்சியை நினைத்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். பாவம், அந்த ஸ்டேஷன்காரக் கிழவர் டிக்கெட்டுக்குக் காசு கேட்கிறார். அவரைப் பிடித்து அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். "டூட்டியில இருக்கிற ஸ்டாஃப்! கடைசி வரைக்கும் யாராவது கதவைத் திறந்துவிட்டானா? அதைக் காட்டினானா?" இந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை.

கணக்கு வாத்தியாருக்கு 'ஹை நூன்'. 1952இல் வந்தது, 85 நிமிடம். கதையும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரத்தில் நடந்து முடிகிறது. நடுப்பகல் ரயிலில் கொலைகாரன் வருகிறான். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்ஷலாக வரும் கேரி கூப்பர் துணைக்கு ஆள் தேடி வீடு வீடாகப் போகிறார். ஒரு நண்பன் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "அவர் இல்லை" என்று மனைவியை விட்டுச் சொல்லச் சொல்கிறான். அந்த இடத்தில் வாத்தியாருக்குத் தொண்டை அடைக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு மூன்று முறை போய் வந்தவர். "அந்தக் கூப்பர் முகத்துல இருக்கிறது நடிப்பு இல்லய்யா. அது கணக்கெடுப்புக்குப் போனவன் முகம்."

நடிகர் ஜான் வெய்னுக்கு அந்தப் படம் அறவே பிடிக்கவில்லை. ஒரு மார்ஷல் ஊராரிடம் கையேந்துவதாவது என்று கோபம். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் அதே கோபம். பதில் சொல்ல இருவரும் சேர்ந்து 1959இல் 'ரியோ பிராவோ' என்று ஒரு படமே எடுத்தார்கள். இதில் வேடிக்கை, 'ஹை நூன்' படத்துக்காகக் கேரி கூப்பருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது அவர் ஊரில் இல்லை. அவர் சார்பில் மேடையேறிப் பரிசை வாங்கியவர் சாட்சாத் ஜான் வெய்ன். வாத்தியார் இதைச் சொல்லும்போதெல்லாம், "கல்யாணத்துக்கு வராதேன்னு சொன்ன பங்காளியே மொய் எழுதின மாதிரி" என்று முடிப்பார்.

ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்குத் தாட்சண்யம் கிடையாது. 'மெக்கன்னாஸ் கோல்டு' அமெரிக்காவில் படுத்த படம். நம் நாட்டில் ஓடோ ஓடென்று ஓடியது. விடியற்காலையில் கல்தூணின் நிழல் நீண்டு நீண்டு போய்த் தங்கம் இருக்கும் பள்ளத்தாக்குக்கு வழிகாட்டுமே, அந்தக் காட்சியில் உடம்பு சிலிர்க்காதவர் எங்கள் தலைமுறையில் உண்டா? உண்டு. "சூரியன் மேல ஏற ஏற நிழல் குறையணும். இங்க வளருது. எட்டாங்கிளாஸ் பையன் எழுதினா முட்டை போடுவேன்" என்று அவர் சொன்ன அன்றோடு, எனக்கு அந்தத் தங்கம் தகரமாகிவிட்டது.

நாலாவது ஆள் என் மச்சான். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்தே வளர்ந்தவன். அவன் கட்சி: நாம் பார்த்த மேற்கில் அமெரிக்காவே இல்லை. "டெக்ஸ் வில்லரை 1948இல உருவாக்கினவங்க இத்தாலிக்காரங்க. லியோனி ரோம்காரர். மியூசிக் போட்ட மோரிகோனி அவர்கூட சின்ன கிளாஸ்ல படிச்சவர். பாலைவனம் ஸ்பெயின்ல. முதல் கௌபாய் படத்தோட கதை குரோசாவாகிட்ட இருந்து எடுத்தது, ஜப்பான்காரங்க கேஸ் போட்டு வசூல்ல பங்கே வாங்கிட்டாங்க. அமெரிக்காக்காரன் எங்க அத்தான் இருக்கான்? ஈஸ்ட்வுட்டும் தொப்பியும்தான்." இதைவிட, 1970இல் 'காலம் வெல்லும்' படத்தில் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றிய நம் இயக்குநர் கர்ணன் எந்த விதத்தில் குறைச்சல் என்பது அவன் வாதம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சபை ஒருமனதாகத் தலையாட்டும்.

ஐந்தாவது ஆள் நான். என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் ஊர்த் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மார்னிங் ஷோவுக்கு 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' வந்தது. டெய்லர் அண்ணன் அப்போது காஜா எடுக்கும் பையன். என்னைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போனவர் அவர்தான். தரை டிக்கெட். ஆபரேட்டர் அன்றைக்கு எந்த உலகத்தில் இருந்தாரோ, கடைசி ரீலை எடுத்து நடுவில் ஓட்டிவிட்டார்.

அதனால் எங்கள் ஊரில் அந்தப் படம் இப்படி நடந்தது. வில்லன் லீ வான் கிளீஃப் இடைவேளைக்கு முன்பே இடுகாட்டில் சுடப்பட்டுக் குழிக்குள் விழுந்தார். ஈஸ்ட்வுட் அவருடைய தொப்பியையும் துப்பாக்கியையும்கூடச் சுட்டு உள்ளே தள்ளினார். தங்கம் கிடைத்தது. விசில் பறந்தது. இடைவேளை. முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், ராணுவக் கைதி முகாமில் சார்ஜென்ட் உடுப்பில் விறைப்பாக நிற்கிறார் லீ வான் கிளீஃப்!

தியேட்டர் ஒரு கணம்தான் திகைத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "தம்பிடா! அண்ணனைக் கொன்னவனைப் பழிவாங்க மிலிட்டரியில சேர்ந்துட்டான்!" ஆகா என்றது சனம். எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் எத்தனை படத்தில் இரட்டை வேடத்தில் பார்த்திருக்கிறோம், வெள்ளைக்காரன் செய்தால் ஆகாதா? முகாமுக்குள் டூக்கோவைப் போட்டு அடிக்கும்போது சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கைதிகளை வாத்தியம் வாசித்துப் பாடச் சொல்வார்கள். பாட்டு சீன் என்று பாதிப் பேர் பீடி பிடிக்க எழுந்து போனார்கள். கிடைத்த தங்கத்துக்கு மறுபடி ஏன் அலைகிறார்கள் என்று நான் கேட்டேன். "பங்கு பிரிச்சதுல தகராறு" என்றார் அண்ணன். கடைசியில் பாலம் வெடித்துச் சிதறியது. விளக்கைப் போட்டார்கள். நிறைந்த மனதோடு வீட்டுக்கு வந்தோம்.

பல வருஷம் கழித்து, வெளியூரில் வேலையில் இருந்தபோது, ஒரு வாடகை வி.சி.டி.யில் உண்மை தெரிந்தது. தம்பி இல்லை. ஒரே ஆள்தான். அன்றிரவு நெருங்கிய உறவில் ஒருவர் தவறிப்போன மாதிரி இருந்தது. ஊருக்கு வந்ததும் அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். அவரோ, "தம்பிக்காரன் நடிப்பு அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டுடும்ல?" என்று கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை.

இதில் வியப்பு, இத்தனை வருஷம் சபையில் அடித்துக்கொண்டும் யாருக்கும் இது தெரியவரவில்லை என்பதுதான். இடுகாட்டு வட்டத்தில் மூன்று பேரும் நின்று, கண்ணும் கையும் மாறி மாறி வரும் அந்தக் காட்சிக்கு இணை உண்டா என்பார் வாத்தியார். "நல்ல சீன்தான். ஆனா அது இன்டர்வெல் பிளாக் சார். கிளைமாக்ஸ்னா பாலம்தான்" என்பார் அண்ணன். அது ஏதோ ஆழமான விமர்சனம் என்று நினைத்து வாத்தியார் இரண்டு நாள் யோசிப்பார். "அடிப்படையில அது அண்ணன் தம்பி கதை" என்பார் அண்ணன். டூக்கோ தன் சாமியார் அண்ணனைச் சந்திக்கும் காட்சியை நினைத்துக்கொண்டு வாத்தியாரும், "ரொம்ப சரி, அதை யாரும் பேசுறதில்லை" என்பார். வேறு வேறு படத்தைப் பார்த்த இரண்டு பேர் இவ்வளவு ஒற்றுமையாகச் சண்டை போட்டு நான் கண்டதில்லை.

போன மாதம் பேன்ட்டைச் சுருக்க வந்த ஒரு பையன் எல்லாவற்றையும் கெடுத்தான். பேச்சு பாலத்துக்கு வந்ததும் செல்போனைத் தடவி, "அண்ணே, அந்தப் பாலத்தையே ரெண்டு தடவை வெடிச்சாங்களாம். முதல் தடவை கேமரா ஓடுறதுக்கு முன்னாடியே ஒரு ஸ்பெயின் ராணுவ அதிகாரி சிக்னலைத் தப்பாப் புரிஞ்சு வெடிக்க வெச்சிட்டாரு. அப்புறம் ராணுவமே திரும்பக் கட்டிக் குடுத்துச்சு" என்றான். "அந்த இடுகாடும் செட்டுதான். ராணுவத்தை வெச்சு ஆயிரக்கணக்கில் கல்லறை போட்டாங்க. புல்லு மண்டிக் கிடந்ததை 2015லருந்து ரசிகர்களே மம்முட்டி எடுத்துட்டுப் போய்த் தோண்டிச் சரி பண்ணிட்டாங்க." ஒருவரும் புதைக்கப்படாத இடுகாட்டைத் தோண்டிய ஆட்களை நினைத்து எங்களுக்குப் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பில் எஸ்.எம். சார் வாய்விட்டார்: "என் பையன் பெரிய டி.வி. அனுப்பியிருக்கான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க. படத்தைப் போட்டே பாத்துடுவோம்."

நான் தடுத்துப் பார்த்தேன். மழை வரும் என்றேன். பேசாமல் கர்ணனின் 'கங்கா' பார்ப்போம் என்றேன். நடக்கவில்லை.

மூன்று மணி நேரம். நான் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தேன். சார்ஜென்ட் உடுப்பில் லீ வான் கிளீஃப் வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலம் வெடித்ததும் எழுந்து செருப்பைத் தேடினார். "உட்காருங்க, இனிமேதான் கிளைமாக்ஸ்" என்றார் வாத்தியார். அண்ணன் உட்கார்ந்தார். இடுகாடு வந்தது. மோரிகோனியின் இசை ஏறியது. மூன்று ஜோடிக் கண்கள். சுட்டார்கள். லீ வான் கிளீஃப் குழிக்குள் விழுந்தார். தொப்பி போனது. துப்பாக்கி போனது. ஈஸ்ட்வுட் குதிரையில் மறைந்தார். படம் முடிந்தது.

எங்கள் சபையின் வரலாற்றில் முதன்முறையாகப் பத்து விநாடி யாரும் பேசவில்லை.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வேற பிரிண்ட்" என்றார்.

"என்ன வேற பிரிண்ட்?" என்றார் வாத்தியார். அண்ணன் எங்கள் ஊர்ப் படத்தின் கதையைச் சொன்னார். தம்பி வந்தது, பங்குத் தகராறு, எல்லாம். வாத்தியார் சிரிக்க வாயெடுப்பதற்குள், எங்களோடு வந்திருந்த, விவரம் கெட்ட அந்தப் பேன்ட் பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்: "ஆமா சார், இதுக்கு வேற வேற பிரிண்ட் இருக்கு. 1966இல இத்தாலியில கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஓடியிருக்கு. மறுவருஷம் அமெரிக்காவுக்குப் போறப்போ வெட்டி 161 நிமிஷம் ஆக்கிட்டாங்க."

அண்ணன் முகத்தில் விளக்கெரிந்தது. "கேட்டுக்கங்க. அவனவன் ஊர் அளவுக்கு வெட்டியிருக்கான். எங்க ஊர்ல வெட்டித் தைச்சிருக்காங்க. தைச்சதுதான் நல்லாயிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும்தானே அன்னைக்கு என் பக்கத்துல உட்கார்ந்திருந்த? சொல்லு இவங்ககிட்ட."

அறையில் இருந்த அத்தனை கண்களும் என் மேல். வாத்தியாரின் கண்கள் சுருங்கின. மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டான். எங்கிருந்தோ வந்த ஒரு ஈ, எஸ்.எம். சாரின் மூக்கில் உட்கார்ந்தது. அவர் ஓட்டவில்லை.

"ரெண்டு பேருதாண்ணே" என்றேன்.