கோப்புக்கும் ஒரே சூளை

கேள்வி: கூகுள் டிரைவில் பாடக் காணொளி போட்டால், எங்கள் பள்ளி இணையத்தில் வட்டம் மட்டுமே சுற்றுகிறது. என்ன செய்ய?
- ஓர் ஆசிரியை, விருத்தாசலம்

பதில்: உங்கள் பீங்கான் ஊரில் ஒவ்வொரு கோப்பைக்கும் தனிச் சூளையா மூட்டுகிறார்கள்? கோப்புக்கும் அதே கணக்குதான். 200 எம்பி காணொளியை 40 பிள்ளைகள் தனித்தனியே இறக்கினால் 8 ஜிபி! நீங்கள் இரவில் ஒருமுறை இறக்கி, ஒரு கணினியில் வைத்துவிடுங்கள். இணைய இணைப்பே இல்லாத வைஃபை ரவுட்டர் போதும், வகுப்பு முழுக்கப் பாடம் போய்ச் சேரும். கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது. 2020 ஊரடங்கில் தமிழக அரசும் இந்த வழிக்குத்தான் வந்தது: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளில், பள்ளி ஹைடெக் ஆய்வகத்திலிருந்து காணொளிப் பாடங்களை ஏற்றித் தந்தது. அருமையான ஏற்பாடு அது! பென்டிரைவில் கொடுப்பதென்றால் மட்டும், முதலில் வைரஸ் சோதனை. அதில் இரக்கமே காட்டாதீர்கள்.