இன்னும் படிக்கலை, ஆனா...

ஜனவரி மாதம், நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், சென்னைப் புத்தகக் காட்சி. தாம்பாள அகலத்துக்கு ஒரு டெல்லி அப்பளத்தை ஏந்தியபடி ஒருவர் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். “ஜே.ஜே: சில குறிப்புகள் எல்லாம் ஓவர் ரேட்டட் சார்.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. எந்த இடத்தில் சறுக்குகிறது என்று கேட்டேன்.

“இன்னும் படிக்கலை. ஆனா, கேள்விப்பட்ட வரைக்கும்...” என்று இழுத்துவிட்டு ஒரு கடி கடித்தார். மிளகாய்ப்பொடி பக்கத்திலிருந்தவர் கையில் இருந்த மோகமுள் நாவலின் மேல் கொட்டியது.

ஜே.ஜே. நாவல் வந்தது 1981இல். நாளைக்கு ஒரு வரி என்று படித்திருந்தால்கூட இந்நேரம் முடித்திருக்கலாம்.

படிக்காமல் இருப்பது குற்றமே இல்லை. என் தாத்தா ஒரு நாவலும் படித்ததில்லை. ஒரு நாவலைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. அது நாணயம். எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. மோகமுள்ளில் பாபு யமுனாவை நினைத்து உருகும் பக்கங்களில் நூறைக் கத்தரித்தால் கும்பகோணம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ரங்கண்ணா வரும் பக்கங்களில் கத்தரியை வைத்தால் நான் கோபித்துக்கொள்வேன். அசோகமித்திரனின் தண்ணீர் இன்னும் ஐம்பது பக்கம் போயிருக்கலாமே என்று முடிக்கும்போதெல்லாம் தோன்றும். மறுநாள் காலையில், நல்லவேளை போகவில்லை என்று தோன்றும். நான் சொல்வது தப்பாக இருக்கலாம். சண்டைக்கு வாருங்கள். இரண்டு பேரும் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

கட்டுரைத் தொகுப்புகள் பக்கம் போனால் வியாதி வேறு. அங்கே எழுதியவரே திரும்பப் படித்துப் பார்த்திருக்க மாட்டார். முகநூல் பதிவு இருபது, நண்பர்கள் புத்தகங்களுக்குக் கொடுத்த முன்னுரை மூன்று, அஞ்சலி ஐந்து. தேதியை வெட்டிவிட்டு, கேட்ட அளவுக்கு மட்டும் அச்சிடும் பிஓடி முறையில் நூறு பிரதி அடித்தால் தொகுப்பு தயார். அஞ்சலிகள் விசேஷமானவை. முதல் பத்தியில் எழுதுகிறவர் காபி குடிப்பார், இரண்டாம் பத்தியில் தன் முதல் கவிதை வெளியான கதையைச் சொல்வார், மூன்றாம் பத்தியில்தான் செத்தவருக்கு உள்ளே வர அனுமதி. 1997இல் தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம் வந்தது. பையில் போட்டால் கனம் தெரியாத புத்தகம். அதில் உப்பைப் பற்றிய சில பக்கங்களைப் படித்த பிறகு வீட்டு உப்பு ஜாடியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நம் தொகுப்பாசிரியர்கள் முந்நூறு பக்கம் எழுதுகிறார்கள். ஒரு சிட்டிகை உப்பு கிடைக்காது.

அடுத்த ரகம், சினிமா பார்த்துவிட்டு நாவலுக்கு மார்க் போடுகிறவர்கள். பூமணியின் வெக்கை 1982இல் வந்தது. அதைத் தழுவிய அசுரன் படம் 2019இல் வந்தது. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் வெக்கையைத் தேடாதவர்கள் திடீரென்று வாங்கினார்கள், நல்லது. வாங்கியவர்களில் ஒருவர் என்னிடம் புகார் சொன்னார்: “படத்துல வர்ற ஃபிளாஷ்பேக் இதுல இல்லையே சார்.” அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, பதினைந்து வயதுப் பையன் அப்பனோடு காடு கரையென்று ஒளிந்து திரிகிறான். கரிசல் மண்ணின் சூடு பக்கத்துக்குப் பக்கம் ஏறுகிறது. இவருக்கு இடைவேளை எங்கே என்று தெரிய வேண்டும்.

அதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். இமையத்தின் கோவேறு கழுதைகள் பற்றி ஒரு கூட்டத்தில் கேட்டதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. “ரொம்ப சோகம்ங்க. பாஸிட்டிவா ஒண்ணுமே இல்லை. படிச்சா டயர்ட் ஆகுது.” அந்த நாவலில் ஆரோக்கியம் ஊர் அழுக்கை வெளுத்துவிட்டு ராச்சோற்றுக்கு வாசல் வாசலாக நிற்கிறாள். களத்தில் அவளுக்கு அளக்கும் தானியம் வருஷா வருஷம் குறைகிறது. அவளுக்கு அலுப்பில்லை, மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து படித்தவருக்கு அலுப்பு. சோறு போடாத ஊரை அவள் பாஸிட்டிவாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்! வெட்கமாக இல்லையா? அந்தக் கூட்டத்தில் கைதட்டல் வேறு கிடைத்தது.

ஒய்எம்சிஏ என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம், சிறு வயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து திரும்பி, தினத்தந்தி மதுரைப் பதிப்பில் வேலை பார்த்து, மதுரை ஒய்எம்சிஏ அறை ஒன்றில் பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்தார். புயலிலே ஒரு தோணி வெகுகாலம் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்துவிட்டு 1972இல் அச்சேறியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் நாவல் எழுதவில்லை. 1997இல் இறந்துபோனார். இன்று அந்த நாவலைப் பெயர் சொல்லாத இலக்கிய மேடை கிடையாது. பெயரைச் சொல்கிறார்கள், அத்தோடு சரி.

படிக்காமல் மௌனமாக இருந்தவர்கள் சிங்காரத்தை நிறுத்தினார்கள். படிக்காமல் கத்தியவர்கள் செய்தது இன்னும் பெரிய காரியம். பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள், கதை நடக்கும் திருச்செங்கோட்டில் யார் மனமும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள். உடனே புண்பட்டது. காளியும் பொன்னாவும் குழந்தையில்லாத ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் ஊர் வாயில் விழுந்து எழுவதுதான் நாவலின் பெரும்பகுதி. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க யாருக்கும் கை வரவில்லை. ஊர் தன் வாயையே எப்படிப் பிரதியெடுக்கும்?

புத்தகத்தை எரித்தார்கள், கடையடைத்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் அமைதிப் பேச்சுவார்த்தை என்று எழுத்தாளரை அழைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எரித்தவர்களிடம் அல்ல, எழுதியவரிடம். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் முழு நாவலைப் படித்திருந்தார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பேச்சுவார்த்தை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், நாமக்கல்லில் எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள், படித்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொன்னது. அந்தச் சுதந்திரத்தை நம்மவர்கள் தீர்ப்புக்கு முன்பிருந்தே முழுமையாக அனுபவித்து வருகிறார்கள்.

மாதொருபாகன் இப்போதும் கடையில் கிடைக்கிறது. அப்பளத்தைத் தின்று முடித்து, கையைத் துடைத்துவிட்டு வாங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வாருங்கள், சேர்ந்தே திட்டலாம். அந்த நாவலில் எனக்கும் இரண்டு மூன்று குறை உண்டு.